பத்தில் ஏழு பேர்

மார்ச் 5

என்னங்க,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்பதை ஞாயிற்றுக்கிழமை போனில் தெரிந்துகொண்டேன். அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன். நீங்க?" "சாப்பிட்டேன்." அதற்குள் உங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற யாரோ தொண்டையைச் செருமிவிட்டார். பகல் முழுக்க ஊரில் இருக்கிற அத்தனை பேரிடமும் போனில் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான். கட்டிய புருஷனிடம் பேச மட்டும் வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நேற்று பஸ் ஸ்டாப்பில் உங்கள் படைக் கூட்டாளி நெட்டையனின் மனைவியைப் பார்த்தேன். அந்த அம்மா பெருமை தாங்காமல், "ஆள் கேட்டதும் எங்க வீட்டுக்காரரும் உங்க வீட்டுக்காரரும்தான் மொதல்ல கை தூக்கினாங்களாம், தெரியுமா?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? என்னிடம் நீங்கள் "ஆர்டர் வந்துருச்சு" என்றல்லவா சொன்னீர்கள்? ஆர்டர் என்றால் சர்க்கார்மேல் கோபப்படலாம். நீங்களே கை தூக்கினீர்கள் என்றால் நான் யார்மேல் கோபப்படுவது? அந்த அம்மா முன்னால் எல்லாம் தெரிந்த மாதிரி இளித்துவிட்டு வந்தேன். கன்னம் இன்னும் வலிக்கிறது.

அடுத்த வீட்டுச் சண்டையை விலக்கிவிடப் போகிறவர் சொந்த வீட்டில் ஒரு சண்டையை மூட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அது மட்டும் நினைவிருக்கட்டும்.

ஒரு ஆளுக்கு உலை வைக்க இன்னும் கை பழகவில்லை. மிச்சத்தை மறுநாளும் நானேதான் சாப்பிடுகிறேன்.

— நான்தான்


மார்ச் 24

கோபக்காரிக்கு,

உன் கடிதத்தை எங்கே உட்கார்ந்து படித்தேன் தெரியுமா? முகாமின் ஓரத்தில் இன்ஜின் போன ஒரு லாரி நிற்கிறது. அதைச் சரிசெய்வதும் என் வேலை, உதிரிச் சாமான் வருகிற வரை சரியாகாது. டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டால் இந்த இடத்திலேயே தனியாக இருக்கக் கிடைக்கிற ஒரே அறை அதுதான். நெட்டையன் வந்து கண்ணாடியைத் தட்டினான். இன்ஜினைப் பார்க்கிறேன் என்றேன். "சீட்ல உக்காந்தா?" என்றான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் உன்னிடம் கேட்டேன். நன்றாக யோசித்துப் பார். நீ என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாய். "வெளிநாட்டுக்கு ஆள் கேக்கறாங்க, பேர் குடுக்கட்டுமா?" என்றேன். நீ "பரவாயில்லை" என்றாய். தலையைக்கூடத் தூக்கவில்லை, ஆனால் சொன்னாய். உனக்கு இஷ்டமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாய் அல்லவா? அதனால்தான் கொடுத்தேன். பிறகு நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் பயந்துபோய் ஆர்டர் என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்னது தப்பு. கேட்காமல் வந்தேன் என்று மட்டும் சொல்லாதே.

இங்கே ஒரு பாலம். அந்தப் பக்கம் ஒரு கூட்டம், இந்தப் பக்கம் ஒரு கூட்டம், இரண்டும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டவை. நடுவில் நான். கையில் ஒரு பலகை, ஒரு முகம் சிவப்பு, ஒரு முகம் பச்சை. அந்தப் பக்கத்து வண்டிகளைக் கொஞ்ச நேரம் விடவேண்டும், பிறகு இந்தப் பக்கத்து வண்டிகளை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பாலத்துக்கு வந்துவிடக் கூடாது, அதுதான் அமைதி. அவர்கள் பாஷையில் எனக்கு இரண்டே வார்த்தைதான் தெரியும். நில். போ. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதையே சொல்கிறேன். பதிலுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை.

வெங்காயம் விற்கிற ஒரு அம்மா தினமும் காலையில் தள்ளுவண்டியோடு வருகிறாள். என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அந்தத் திருப்பலில் உன் ஜாடை இருக்கிறது. சிரித்துவிட்டேன். அதற்கும் முறைத்தாள்.

— நீ திட்டுகிற ஆள்


ஏப்ரல் 12

என்னங்க,

பரவாயில்லையா? பரவாயில்லை என்று சொன்னேன் என்பதை வைத்துக்கொண்டா அவ்வளவு தூரம் போயிருக்கிறீர்கள்?

பஸ்ஸில் ஒருத்தர் பூட்ஸ் காலால் நம் காலை மிதித்துவிட்டு "சாரி" என்கிறார். நாம் "பரவாயில்லை" என்கிறோம். வலிக்கவில்லை என்றா அர்த்தம்? இன்னொரு தடவை மிதி என்றா அர்த்தம்? இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவருக்கு என் பரவாயில்லையில் எது எந்தப் பரவாயில்லை என்று தெரிய வேண்டாமா? அன்றைக்கு "குடுக்கட்டுமா" என்று நீங்கள் கேட்டபோதே கொடுத்துவிட்டு வந்த தோரணை குரலில் இருந்தது. முகத்திலும் அதைப் பார்க்கக் கூடாதென்றுதான் தலையைத் தூக்கவில்லை. பிறகு நீங்கள் ஆர்டர் என்றதும், நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று நம்பித் தொலைத்தேன். சட்டைக் காலரை எத்தனை தடவை தேய்த்தேன் என்று பார்த்திருந்தால் உங்களுக்கே புரிந்திருக்கும்.

இன்னும் திட்டியிருப்பேன். ஆனால் ஆபீசில் ஒன்று நடந்தது, அதைச் சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை.

எங்கள் அறையைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். ஆளுக்கு ஒரு தடுப்பு, காதில் ஒரு ஹெட்போன், முன்னால் ஒரு திரை. நம்பரை மெஷினே போடும். திரையில் இருக்கிற கேள்வியை இருக்கிறபடி படிக்கவேண்டும், குரலில் ஏற்ற இறக்கம் கூடாது. இதுவரை எங்கள் கருத்துக்கணிப்பு சோப்பு, டூத்பேஸ்ட், எந்த சேனல் பார்க்கிறீர்கள் என்று போய்க்கொண்டிருந்தது. திங்கட்கிழமை புதுக் கேள்வி வந்தது. "நமது படைவீரர்களை அமைதி காக்க வெளிநாட்டுக்கு அனுப்புவதை நீங்கள் ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா?" முதல் தடவை படித்தபோது "நமது" என்ற இடத்தில் எனக்கு நாக்கு சிக்கிக்கொண்டது.

மூன்று கட்டம். ஆதரவு, எதிர்ப்பு, கருத்து இல்லை. ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "என்னமோ பண்ணிட்டுப் போகட்டும், பரவாயில்ல." "நாம வேணாம்னா நிறுத்தவா போறாங்க? பரவாயில்ல, விடுங்க." ஒரு அம்மா, "எம்புள்ள ஒண்ணும் போகலியே, பரவாயில்ல" என்றாள். பின்னால் குக்கர் விசில் அடித்தது, வைத்துவிட்டாள்.

பரவாயில்லைக்கு எந்தக் கட்டம் என்று அறையே இரண்டாகிவிட்டது. எங்கள் மேற்பார்வையாளர், அதாவது பென்சில், எழுத ஒன்றுமே இல்லாத அறையில் கொண்டையில் பென்சில் செருகிக்கொண்டு திரிகிறாளே, அவளிடம் போனோம். "அதையெல்லாம் தனியா தள்ளி வைங்க. மேல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள். தள்ளி வைத்திருக்கிறோம். மற்றதைவிட அதுதான் அதிகம்.

வயதான ஒருத்தர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "நீ என்னம்மா நெனைக்கிறே?" என்று கேட்டார். எங்கள் கருத்தைச் சொல்லக் கூடாது என்பது விதி. "உங்கள் நேரத்துக்கு நன்றி" என்று படித்தேன். "அதுவும் அதுல எழுதியிருக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டால், காலையில் செருப்பைத் தேடியபோது தள்ளிவிட்ட நாற்காலி தள்ளிவிட்ட இடத்திலேயே இருக்கிறது. அதை நகர்த்தி வைக்க நான்தான் வரவேண்டியிருக்கிறது.

— கோபக்காரி என்றே வைத்துக்கொள்ளுங்கள்


மே 6

கோபக்காரிக்கு,

பஸ், பூட்ஸ் எல்லாம் படித்தேன். நெட்டையனிடம் சொன்னேன். அவன் மனைவி எப்போதும் "உங்க இஷ்டம்" என்பாளாம். அதற்கு என்ன அர்த்தமாக இருக்கும் என்று இரண்டு பேரும் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டோம்.

ஆனால் இன்றைக்கு உனக்கு ஒரு நல்ல செய்தி. ஊர்ப் பேப்பர் ஒரு கட்டு வந்தது. கேப்டன் எங்களையெல்லாம் சாப்பாட்டுக் கொட்டகையில் நிறுத்தி, முதல் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். "அமைதிப் படைக்கு மக்கள் பேராதரவு. பத்தில் ஏழு பேர் ஆதரிக்கிறார்கள்." உங்கள் கம்பெனி எடுத்ததுதான்! கொட்டகையே கை தட்டியது. நானும் தட்டினேன், கை சிவக்கத் தட்டினேன். என் மனைவி போன் போட்டுக் கேட்டதாக்கும் என்று பக்கத்தில் இருந்தவனிடம் பீற்றிக்கொண்டேன்.

நீ சிரிப்பாய். ஆனால் இங்கே நின்று பார்த்தால்தான் தெரியும். நம்மை யாருக்கும் வேண்டாம், இரண்டு பக்கமும் முறைக்கிறது, ஊரில் நம்மை மறந்துபோயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே பலகையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மறுநாள் பாலத்தில் நின்றபோது என் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் நிற்கிற மாதிரி இருந்தது. டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், நம் மாடியில் குடியிருக்கிற சிடுமூஞ்சி, பத்தில் ஏழு பேர். கொஞ்சம் நிமிர்ந்தே நின்றேன்.

இனி முக்கியமான விஷயம். மக்கள் ஆதரவைப் பார்த்துவிட்டு எங்களை இன்னும் ஆறு மாதம் இங்கேயே வைப்பதென்று முடிவாகியிருக்கிறது. கட்டாயம் இல்லை. ஊருக்குத் திரும்ப வேண்டும் என்கிறவர்கள் ஜூன் மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும், அவர்களுக்குப் பதில் ஆள் வரும். இதுவரை யாரும் கொடுக்கவில்லை. நாடே பின்னால் நிற்கிறது என்று கை தட்டிவிட்டு நான் மட்டும் வீட்டுக்குப் போகிறேன் என்று எப்படிப் போய் நிற்பது?

ஆனால் ஒரு தடவை பட்டது போதும். இந்த முறை தெளிவாகக் கேட்கிறேன். இருக்கட்டுமா, வரட்டுமா? இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்.

— உன் ஆள்


மே 25

என்னங்க,

கடிதம் கிடைத்தது. கை தட்டியதைப் படித்தேன்.

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, பிளம்பரிடம் சொல்லியிருக்கிறேன். மாடி சிடுமூஞ்சி உங்களை விசாரித்தார். ஆபீசில் வேலை அதிகம், இரண்டாவது சுற்று ஆரம்பித்திருக்கிறது.

நீங்கள் கேட்டதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அங்கே என்ன நிலைமை என்று உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே யோசித்து முடிவு செய்யுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

— நான்


ஜூன் 9

உனக்கு,

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்றுகூடப் பார்த்தேன். குழாயைப் பற்றி ஒரு வரி, சிடுமூஞ்சியைப் பற்றி ஒரு வரி. திட்டியிருந்தால்கூடத் தெம்பாக இருந்திருக்கும்.

நெட்டையன் எழுதிக் கொடுத்துவிட்டான். அவன் மனைவி இந்தத் தடவை "உங்க இஷ்டம்" என்று எழுதவில்லையாம். என்ன எழுதினாள் என்று காட்டமாட்டேன் என்கிறான், சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறான். கொட்டகையில் எல்லாரும் அவனைக் கிண்டல் செய்கிறார்கள். நானும் செய்தேன். பிறகு லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பாலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், இல்லையென்றால் உனக்குப் பாதிதான் தெரியும். போன வாரம் மழையில் எங்கள் வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது, அரை நாள் பாலத்தில் யாரும் இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பக்கமும் கல்லும் கட்டையுமாக நின்றுகொண்டிருந்தார்கள். வெங்காயக்கார அம்மாவின் வண்டி கவிழ்ந்து கிடந்தது. நான் பலகையைத் தூக்கினேன், அவ்வளவுதான், இரண்டு கூட்டமும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனது. அந்த அம்மா வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்துக் கத்தினாள். எங்கே போய்த் தொலைந்தாய் என்று கேட்கிறாள் என்று பாஷை தெரியாமலே புரிந்தது. நாங்கள் இங்கே இருக்கலாமா என்று நம் ஊரில் அத்தனை பேரிடமும் கேட்டார்கள். இந்த அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை.

ஆகையால் இருந்தால் வெட்டியாக இருக்கிறேன் என்று நினைக்காதே. வந்தால் இவர்களை விட்டுவிட்டு வரவேண்டும், அதையும் தெரிந்துகொண்டே கேட்கிறேன்.

மழையில் போன் கோபுரமும் சாய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை "சாப்பிட்டியா"வும் இல்லை. தபால் வண்டி வந்தால்தான் உண்டு.

உன் தொழில் முறைப்படியே கேட்கிறேன். கீழே மூன்று கட்டம் போட்டிருக்கிறேன். வரவும். வர வேண்டாம். கருத்து இல்லை. ஒன்றில் டிக் போட்டு அனுப்பு. மாதக் கடைசிக்குள் வரவேண்டும்.

— உன் ஆள்


ஜூன் 20

என்னங்க,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. காய்ச்சலில் இரண்டு நாளாக வீட்டில் இருக்கிறேன். பயப்படாதீர்கள், தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாத காய்ச்சல், அவ்வளவுதான்.

கட்டம் போட்ட இடத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். கோபத்தில் போட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. போனமுறை நான் ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். சொன்னால் உங்களுக்கு வலிக்கும். சொல்லாமல் இருந்துதான் பார்த்தேன், முடியவில்லை.

நாங்கள் தனியாகத் தள்ளி வைத்திருந்த பரவாயில்லைகள் ஞாபகம் இருக்கிறதா? கடைசி நாளில் பென்சில் வந்து, "எல்லாத்தையும் ஆதரவுல போட்டுருங்க" என்றாள். நான் எழுந்து நின்று கேட்டேன். "அது ஆதரவு இல்லைங்க, வேண்டா வெறுப்பா சொல்றாங்க" என்றேன். "இஷ்டமில்லன்னா வேணாம்னு சொல்லியிருப்பாங்கல்ல?" என்றாள். உங்கள் முதல் கடிதத்தில் இருந்த அதே வரி. எல்லாரும் போட்டார்கள். நானும் போட்டேன்.

ஆகையால் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிற பத்தில் ஏழு பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அங்கே இல்லவே இல்லை. குக்கரை இறக்கப் போய்விட்டார்கள். நீங்கள் நிமிர்ந்து நின்றதாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு இதை எப்படிச் சொல்வது? சொன்னால் அந்தப் பாலத்தில் நீங்கள் ஒற்றை ஆளாகிவிடுவீர்களே என்றுதான் குழாயைப் பற்றி எழுதினேன்.

இன்றைக்குக் காலையில் வீட்டு போன் அடித்தது. எடுத்தால் எங்கள் ஆபீஸ். மெஷின் நம் நம்பரைப் போட்டிருக்கிறது. பேசியது புதிதாகச் சேர்ந்த பெண், என் குரல் அவளுக்குத் தெரியவில்லை. படைவீரர்கள் அங்கே இன்னும் ஆறு மாதம் இருக்கவேண்டுமா என்பதுதான் இந்தச் சுற்றின் கேள்வி. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, காய்ச்சலோடு நேராக நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நாட்டில் யாரோ ஒருத்தி என்னிடம் கேட்கப்போகிறாள், சொல்லிவிடுவது என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அந்தப் பெண் முதலில், "உங்க வீட்ல யாராவது படையில இருக்காங்களா?" என்றாள். "இருக்கார்" என்றேன். "உங்கள் நேரத்துக்கு நன்றி" என்று வைத்துவிட்டாள்.

படையில் ஆள் இருக்கிற வீடுகளைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அவர்களுக்கு ஒரு பக்கமாகத்தான் பேசத் தெரியுமாம். தெரிந்த விதிதான், நானே எத்தனையோ பேருக்கு அப்படி நன்றி சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் போன் கையில் செத்துக் கிடந்தபோதுதான் அது என்னவென்று புரிந்தது. போனில் கேட்ட அந்த வயதானவரை விட்டால், இந்த நாட்டில் என் கருத்தைக் கேட்டது நீங்கள் ஒருவர்தான். அதற்கும் குழாய் ஒழுகுகிறது என்று பதில் எழுதினேன்.

உங்கள் கட்டத்தில் டிக் போடவில்லை. டிக் போதாது. எழுத்தாலேயே எழுதுகிறேன்.

வாங்க. அந்த வெங்காயக்கார அம்மா பாவம்தான், அந்தப் பாலத்தில் யாராவது நிற்கத்தான் வேண்டும், அது எனக்குத் தெரிகிறது. தெரிந்தேதான் சொல்கிறேன். அது நீங்களாக இருக்க வேண்டாம். எனக்கு நீங்கள் வேண்டும். இதைச் சுயநலம் என்று யாராவது சொன்னால் ஆமாம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

காய்ச்சலோடேயே போய் இதைத் தபாலில் போடப்போகிறேன்.

— உங்கள் மனைவி


ஜூலை 4

என் கோபக்காரிக்கு,

உன் கடிதம் இரண்டாம் தேதி வந்தது. ஆற்றில் தண்ணீர் அதிகம், தபால் வண்டி ஒரு வாரம் அந்தக் கரையிலேயே நின்றுவிட்டது.

முப்பதாம் தேதி சாயங்காலம் எழுதின தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேப்டன் அறை வாசல் வரை போனேன். அங்கேயே நின்றேன். அவளுக்கு நான் வரவேண்டும் என்றிருந்தால் எழுதியிருப்பாள் அல்லவா என்று தோன்றியது. திரும்பி வந்துவிட்டேன். ஒரு தடவை மாட்டிக்கொண்ட அதே இடத்தில் மறுபடியும் போய்க் கால் வைத்திருக்கிறேன் என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் ஓடினேன். கேப்டன் நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார். பெயர்ப் பட்டியல் தலைமையகத்துக்குப் போய்விட்டது என்றார். எழுதிக் கொடுக்காதவர்கள் எல்லாரும் சம்மதம் என்று போய்விட்டதாம். "எனக்குச் சம்மதம் இல்லைங்க சார்" என்றேன். "இஷ்டமில்லன்னா எழுதிக் குடுத்திருப்பியேப்பா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

ஆக, டிசம்பர் கடைசி வரை இங்கேதான். நெட்டையன் நாளைக்குக் கிளம்புகிறான். இதை அவன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். அவன் படுக்கை காலியாகிவிட்டால் இந்தக் கொட்டகையில் நான் வாய் விட்டுப் பேச ஆள் இல்லை. காய்ச்சல் விட்டுவிட்டதா? மாடி சிடுமூஞ்சியிடமாவது சொல்லி ஒரு குடம் தண்ணீர் எடுத்து வைத்துக்கொள். கேட்டால் செய்வார்.

பத்தில் ஏழு பேர் விஷயத்தை நீ சொன்னது நல்லதுதான். கொட்டகையில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. பேப்பரை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள், போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்றைக்குப் பாலத்தில் நிற்கும்போது திரும்பிப் பார்த்தேன். டீக்கடைக்காரரும் இல்லை, கண்டக்டரும் இல்லை, வெறும் சேறு. ஏழு பேர் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. ஒருத்தி வாங்க என்று எழுதியதைப் படித்த பிறகுதான் இந்தப் பாலத்தில் நான் எவ்வளவு தனியாக நிற்கிறேன் என்று தெரிகிறது. எனக்கு வீட்டுக்கு வரவேண்டும். இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

— உன் ஆள்